விதிக்கு முன்னால் விழுந்தவர்கள்

கதாயுத்தத்துக்கு ஒரு விதி உண்டு. நாபிக்குக் கீழே அடிக்கலாகாது. பாரதப் போரின் பதினெட்டாம் நாள் பீமன் அந்த விதியை மீறித் துரியோதனனின் தொடையில் அடித்தான். இருவருக்கும் கதாயுதப் பயிற்சி அளித்த பலராமர் அதைப் பார்த்ததும் கலப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார். கண்ணன் குறுக்கே புகுந்து சமாதானம் சொல்லவேண்டியிருந்தது. அந்தச் சமாதானம் பலராமரின் மனத்தை ஆற்றவில்லை என்பதும் நமக்குத் தெரிந்த கதைதான்.

விதியை மீறியவனைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். எனக்கு வேறொரு மனிதனைப் பற்றித்தான் நினைவு போகிறது. அந்த விதி எப்படிப் பிறந்தது? என்றைக்கோ ஒருவன் தொடை முறிந்து மண்ணில் கிடந்திருக்கவேண்டும். அதைப் பார்த்துச் சகிக்காத நாலு பெரியவர்கள் கூடி, "இனிமேல் இடுப்புக்குக் கீழே வேண்டாம்" என்று தீர்மானித்திருக்கவேண்டும். அந்த முதல் மனிதனின் பெயரை எந்தப் புராணமும் சொல்லவில்லை.

புராணத்தில் அகப்படாத அந்த ஆசாமியைச் சரித்திரத்தில், ஊரும் தேதியுமாகச் சந்திக்க ஓர் இடம் இருக்கிறது. அமெரிக்கர்களின் கால்பந்துக் களம்.

பெயர்தான் கால்பந்து. காலுக்கு அதில் வேலை சொற்பம். இரு முனையும் கூரான முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதும், எட்ட ஓடும் தோழனுக்கு வீசுவதுமே ஆட்டம். பக்கத்துக்குப் பதினொரு பேர். நூறு கெஜக் களம். பந்து வைத்திருக்கும் கட்சி நான்கு முயற்சிக்குள் பத்துக் கெஜம் முன்னேறினால் பந்து அவர்களிடமே இருக்கும். இல்லாவிட்டால் எதிர்க்கட்சிக்குப் போய்விடும். ஆகவே, பந்தோடு வருகிறவனை எப்படியாவது தரையில் சாய்ப்பது எதிர்க்கட்சியின் கடமை. இந்தச் சாய்ப்புக்கு 'டாக்கிள்' என்று பெயர். 'எப்படியாவது' என்ற சொல்லுக்கு எல்லை எது என்பதுதான் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நடந்துவரும் வழக்கு.

ஆரம்பத்தில் இது கலாசாலை மாணவர்களின் ஆட்டமாக இருந்தது. 1892-ம் ஆண்டு ஹார்வர்டு கோஷ்டி, யேல் கோஷ்டிக்கு எதிராக ஒரு புது வியூகத்தை இறக்கியது. ஆட்டக்காரர்கள் இரண்டு பிரிவாக ஓடிவந்து, ஆப்பின் முனைபோல ஒன்றுகூடி, பந்துக்காரனை நடுவில் பத்திரமாக வைத்துக்கொண்டு எதிரே நிற்பவன்மேல் மோதுவார்கள். 'பறக்கும் ஆப்பு' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். இதைக் கற்பனை செய்த லோரின் டிலாண்டு கால்பந்து ஆடியவரே அல்ல, சதுரங்கப் பிரியர். சதுரங்கத்தில் விழுந்த காயை எடுத்துப் பெட்டியில் போட்டுவிடலாம். களத்தில் விழுந்த காய்களுக்கு எலும்பு இருந்தது. இரண்டே ஆண்டில், 1894-ல், விதி போட்டு அந்த வியூகத்தைத் தடுத்தார்கள். ஆனால் கும்பலாகச் சேர்ந்து மோதும் வழக்கம் வேறு வேறு ரூபத்தில் தொடர்ந்தது.

1905-ம் ஆண்டுப் பருவம் முடிந்தபோது ஷிகாகோ நகரத்துப் பத்திரிகை ஒன்று கணக்குப் போட்டது. அந்த ஒரு பருவத்தில் ஆட்டத்தினால் உயிர் இழந்த இளைஞர்கள் இருபதுக்குச் சற்றுக் குறைவு. ஹார்வர்டின் தலைவர் சார்ல்ஸ் எலியட், சேவற்சண்டையையும் காளைச் சண்டையையும்விட மனிதனை முரடாக்கும் ஆட்டம் இது என்று கண்டித்தார். கொலம்பியா சர்வகலாசாலை ஆட்டத்தையே தலைமுழுகியது. ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் அக்டோபர் 9-ம் தேதி ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் கலாசாலைகளின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். ஜனாதிபதிக்கு இந்த ஆட்டத்தின்மேல் பிரியம் அதிகம். அந்த வருஷம் அவருடைய மகனே ஹார்வர்டின் முதல் வருஷ மாணவர் கோஷ்டியில் ஆடி மூக்கை உடைத்துக்கொண்டான். ஆட்டத்தை ஒழிக்க அல்ல, திருத்தத்தான் அவர் கூப்பிட்டார்.

எப்படித் திருத்துவது? களத்தை அகலமாக்கினால் கும்பல் கலையும் என்று ஒரு யோசனை வந்தது. ஆனால் ஹார்வர்டில் 1903-ல் கட்டி முடித்திருந்த கான்கிரீட் அரங்கம் அகலமான களத்துக்கு இடம் கொடுக்காது. கான்கிரீட்டை இடிக்க யாருக்கு மனம் வரும்? அதனால் 1906-ல் வேறு வழி கண்டார்கள். பந்தை முன்னோக்கி வீசலாம் என்று அனுமதித்தார்கள். வீசலாம் என்றால் எதிர்க்கட்சி ஒரே இடத்தில் குவிந்து நிற்க முடியாது. சிதறி நின்றே தீரவேண்டும். இது ஆட்டமே அல்ல என்று பழைய ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். ஆண்மைக்கு இழுக்கு என்றவர்களும் உண்டு.

இன்று அந்த ஆட்டத்தில் எது அழகு என்று எந்த அமெரிக்கனைக் கேட்டாலும், ஐம்பது கெஜ தூரம் வில்போல வளைந்து பறந்து, ஓடுகிறவனின் விரல் நுனியில் வந்து உட்காரும் அந்தப் பந்தைத்தான் சொல்வான். சாவைக் குறைக்கச் செய்த விதி ஆட்டத்துக்கு அழகைக் கொண்டுவந்து சேர்த்தது. இதை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளவேண்டும். ஏனெனில் அதற்குப் பிறகு ஒவ்வொரு விதி மாறும்போதும், "ஆட்டம் செத்துப்போகும்" என்ற குரல் தவறாமல் எழுந்திருக்கிறது.

*

சம்பளத்துக்கு ஆடுகிறவர்களின் சங்கம் 1920-ல் ஒஹாயோ மாகாணத்து காண்டன் நகரில், மோட்டார் கார் விற்கும் ஒரு கடையில் கூடிப் பிறந்தது. 1922-ல் அது தேசியக் கால்பந்து லீக் என்று பெயர் மாற்றிக்கொண்டது. தலைக்கு முதலில் தோல் தொப்பி இருந்தது. 1943-ல் லீக் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. பின்னால் பிளாஸ்டிக் கவசம் பரவியது. 1953-ல் கிளீவ்லாந்து கோஷ்டியின் ஆட்டோ கிரஹாம் முழங்கை இடிபட்டு வாய் கிழிந்து வந்தபோது, அவருடைய பயிற்சியாளர் கவசத்தின் முன்னால் ஒரு தடுப்பைப் பொருத்திக் கொடுத்தார். கொஞ்ச காலத்தில் எல்லார் முகத்துக்கும் கம்பி வந்துவிட்டது.

பாதுகாப்பு வந்ததா? வந்தது. கூடவே ஓர் ஆயுதமும் வந்தது. வெறும் தலையோடு இருக்கும் மனிதன் எதிராளியின் முழங்காலில் தன் தலையைக் கொண்டுபோய் மோதமாட்டான், அவனுக்கே வலிக்கும். கெட்டிக் கவசம் போட்டவனுக்கு அந்தப் பயம் போய்விடுகிறது. காக்க வந்த கவசம் ஈட்டி முனையாயிற்று. முகக்கம்பியோ எதிராளிக்குக் கைப்பிடியாயிற்று. ஓடுகிறவனின் முகக்கம்பியைப் பிடித்து இழுத்தால் கழுத்து திரும்பி அவன் சுருண்டு விழுவான். 1956-ல் முகக்கம்பியைப் பிடிக்கக்கூடாது என்று விதி செய்தார்கள். ஆனால் பந்தோடு ஓடுகிறவன் கம்பியை மட்டும் பிடிக்கலாமாம்! யாருக்குப் பாதுகாப்பு வேண்டுமோ அவனை விட்டுவிட்டு மற்ற எல்லாரையும் காப்பாற்றிய அந்த விதியைத் திருத்த இன்னும் ஆறு வருஷம் ஆயிற்று.

விதி செய்கிறவர்கள் கல்நெஞ்சர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. ரசிகர்கள் கொடுத்த காசு மோதலுக்காகவும்தான். 1960-ம் ஆண்டு நவம்பர் 20-ம் தேதி நியூயார்க் நகரில் சக் பெட்நாரிக் என்ற பிலடெல்பியா ஆட்டக்காரர், நியூயார்க் கோஷ்டியின் நட்சத்திரமான பிராங்க் கிப்போர்டைச் சாய்த்தார். கிப்போர்டு நினைவிழந்து தரையில் கிடக்க, மேலே நின்று பெட்நாரிக் முஷ்டியை உயர்த்தும் புகைப்படம் அந்த ஆட்டத்தின் மிகப் பிரசித்தமான படங்களில் ஒன்று. அடி விதிக்கு உட்பட்டது. கிப்போர்டு 1961-ம் ஆண்டுப் பருவம் முழுவதும் ஆடவில்லை. 1962-ல் திரும்பி வந்து ஆடினார். குணமாகிவிட்டார் என்றே உலகம் நினைத்தது. இருவரும் ஒரே ஆண்டில், 2015-ல், வயோதிகத்தில் காலமானார்கள். கிப்போர்டின் மூளையைப் பரிசோதித்ததில் திரும்பத் திரும்பப் பட்ட அடிகளினால் வரும் சிதைவு இருந்தது என்று அவருடைய குடும்பத்தார் அந்த வருஷக் கடைசியில் தெரிவித்தார்கள்.

ஆனால் இந்தச் சரித்திரத்தின் நடுநாயகமான சம்பவம் 1978-ம் ஆண்டு ஆகஸ்டு 12-ம் தேதி நடந்தது.

கலிபோர்னியாவில் ஓக்லாந்து நகரம். பருவம் தொடங்குமுன் ஒத்திகைபோல ஆடும் பந்தயம். ஜெயித்தாலும் தோற்றாலும் கணக்கில் ஏறாது. நியூ இங்கிலாந்து கோஷ்டியில் டாரில் ஸ்டிங்லி என்ற 26 வயது இளைஞர், தமக்கு வீசப்பட்ட பந்தைப் பிடிக்கக் கையை நீட்டித் தாவினார். பந்து எட்டவில்லை. எதிரே ஓடிவந்தவர் ஓக்லாந்து கோஷ்டியின் ஜாக் டேட்டம். மோதினார். ஸ்டிங்லியின் கழுத்தில் நான்காவது, ஐந்தாவது எலும்புகள் முறிந்தன. அன்றிலிருந்து 2007-ல் கண்மூடும்வரை அவர் எழுந்து நடக்கவில்லை.

மத்தியஸ்தர் கொடியை வீசவில்லை. வீசவும் முடியாது. அப்போது இருந்த விதிப்படி டேட்டம் செய்ததில் குற்றமே இல்லை.

கதை எழுதுகிறவனுக்கு இந்த இடம் உறுத்துகிறது. குற்றம் செய்தவனைப் பற்றி எழுதுவது எளிது. குற்றமே செய்யாமல் ஒரு மனிதனைப் படுக்கையில் வீழ்த்திவிட்டவனை என்னவென்று எழுதுவது? டேட்டம் தம் தொழிலை எப்படிச் செய்யச் சொல்லிக்கொடுத்தார்களோ அப்படிச் செய்தார், அதற்காகவே புகழப்பட்டார், இரண்டு வருஷம் கழித்துத் தம்மைக் கொலைஞன் என்று கூப்பிடுவார்கள் என்ற தலைப்பிலேயே புத்தகமும் போட்டார். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்க்க முயன்றதாகவும், முடியாமற்போனதாகவும் அவர் தரப்பில் சொல்லப்பட்டது. எதிர்க்கட்சியின் பயிற்சியாளரான ஜான் மேடன் ஸ்டிங்லியின் படுக்கைக்குப் போய் உட்கார்ந்தார். டேட்டமும் ஸ்டிங்லியும் மட்டும் கடைசிவரை நேருக்கு நேர் சந்திக்கவேயில்லை. பிற்காலத்தில் டேட்டம் நீரிழிவினால் ஒரு காலை இழந்தார், 2010-ல் இறந்தார். அவருக்கு நேர்ந்த கஷ்டத்தைக் கேட்டு ஸ்டிங்லி மகிழவில்லை, மன்னித்துவிட்டதாகவே சொல்லிவந்தார். விதிப் புத்தகத்துக்கு வெளியே, ஒரு சக்கர நாற்காலியில், அந்த ஆட்டத்தின் மிகப் பெரிய மனிதர் உட்கார்ந்திருந்தார் என்று எனக்குத் தோன்றுகிறது.

*

அதன் பிறகு விதிகள் ஒவ்வொன்றாக வந்தன. தலையில் கையால் அறைவதை அதற்கு முந்திய வருஷமே, 1977-ல், தடுத்திருந்தார்கள். 1980-ல் தலை, முகம், கழுத்து ஆகியவற்றின்மேல் அடிப்பதற்குக் கட்டுப்பாடு இறுகியது. 1995-ல் பந்தைப் பிடிக்கும் நிலையில் தன்னைக் காத்துக்கொள்ள முடியாதவனுக்குத் தனிப் பாதுகாப்பு அளித்தார்கள். 2005-ல் பின்னாலிருந்து சட்டைக் கழுத்தைப் பிடித்துக் கீழே இழுப்பதைத் தடுத்தார்கள். 2018-ல் எந்த ஆட்டக்காரரும் தலையைக் குனிந்து கவசத்தினால் மோதக்கூடாது என்று பொதுவாகவே விதி செய்தார்கள்.

குனிந்தால் என்ன என்று கேட்கலாம். நம் கழுத்து இயற்கையில் சற்று வளைந்தது. அந்த வளைவு வில்லைப்போல அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். தலையைக் குனிந்தால் வளைவு நிமிர்ந்து கழுத்தெலும்புகள் ஒன்றின்மேல் ஒன்றாய்த் தூண்போல நிற்கும். அந்த நிலையில் உச்சந்தலையில் விழும் இடி நேரே எலும்பைப் போய் முறிக்கும். அடிக்கப் போனவனுக்கே பேராபத்து. டாக்டர் ஜோசப் டார்க் என்பவர் இதை ஆராய்ந்து எடுத்துக் காட்டினார். 1976-ல் பள்ளிகளிலும் கலாசாலைகளிலும் தலையால் குத்துவதைத் தடுத்தார்கள். அந்த ஆண்டு 34 பேர் கைகால் விழுந்து கிடந்தார்கள். 1984-ல் அந்த எண்ணிக்கை 5. விதியினால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு இதைவிடச் சுருக்கமான பதில் இல்லை.

ஆனாலும் எதிர்ப்பு ஓயவில்லை. எதிர்ப்பவர்களில் பெரும்பாலோர், யாரைக் காப்பாற்ற விதி வருகிறதோ அந்த ஆட்டக்காரர்களே! இதென்ன விந்தை என்று தோன்றும். அவர்கள் பக்கத்து நியாயத்தையும் கேட்போம்.

2010 அக்டோபரில், ஒரே வாரக் கடைசியில் பல பலத்த மோதல்கள் நடந்துவிட, லீக் மூன்று பேருக்குக் கடும் அபராதம் விதித்தது. பிட்ஸ்பர்க் கோஷ்டியின் ஜேம்ஸ் ஹாரிசனுக்கு 75,000 டாலர். மனிதர் வெறுத்துப்போய், ஆட்டத்தை விட்டுவிடலாமா என்றே யோசித்தார். அதே சமயம் லீக்கின் பெயரால் நடக்கும் படக்கடையில், அபராதத்துக்கு உள்ளான அதே அடியின் புகைப்படம் விற்பனைக்கு இருந்தது! பத்திரிகைகள் சுட்டிக்காட்டிய பிறகு, தவறு நேர்ந்துவிட்டது என்று சொல்லி எடுத்தார்கள். அடித்தவனுக்கு அபராதம், அடிக்கு விலை. ஆட்டக்காரர்கள் கசந்துபோனதில் ஆச்சரியம் என்ன?

இன்னொரு குறை, பந்து வீசும் நாயகனுக்கு மட்டும் செல்லம் அதிகம் என்பது. 2008-ல் டாம் பிரேடியின் முழங்கால் அடிபட்டு, அந்தப் பருவம் முழுவதும் அவர் ஆடமுடியாமற்போயிற்று. அடுத்த ஆண்டே, தரையில் விழுந்து கிடப்பவன் பாய்ந்து வீச்சாளரின் காலில் அடிக்கலாகாது என்ற விதி கெட்டிப்பட்டது. ராஜா விழுந்தால் மறுநாளே சட்டம். சிப்பாய் விழுந்தால் வருஷக்கணக்கில் விசாரணை என்று மற்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

மூன்றாவது நியாயம் எல்லாவற்றிலும் கனமானது. தலையை அடிக்காதே என்றால் அடி எங்கே போகும்? கீழே போகும். 2013 ஆகஸ்டில் மயாமி கோஷ்டியின் டஸ்டின் கெல்லர் முழங்காலில் அடிபட்டு விழுந்தார். அதுவும் கணக்கில் ஏறாத ஒத்திகைப் பந்தயம்தான். அடித்த இளைஞர், இன்றைய விதிகளை நினைத்துத்தான் தாழ்வாகப் போனேன் என்ற கருத்தில் விளக்கம் சொன்னார். கெல்லர் அதன் பிறகு லீக்கில் ஆடவேயில்லை. மூளை போனால் வயதான காலத்தில் தெரியும், முழங்கால் போனால் நாளைக்கே பிழைப்புப் போகும் என்று பல ஆட்டக்காரர்கள் எண்ணினார்கள். இருபத்தைந்து வயதில் எவனுக்கு ஐம்பது வயது கண்ணில் தெரிகிறது?

அந்த ஐம்பது வயது எப்படி இருக்கும் என்பதை மைக் வெப்ஸ்டர் காட்டிவிட்டுப் போனார். பிட்ஸ்பர்க் கோஷ்டிக்கு நான்கு மகுடங்கள் வாங்கிக் கொடுத்தவர்களில் ஒருவர். கடைசிக் காலத்தில் புத்தி தடுமாறி, வீடுவாசல் இல்லாமல் திரிந்து, 2002-ல் ஐம்பதாவது வயதில் இறந்தார். நைஜீரியாவில் பிறந்து பிட்ஸ்பர்க்கில் வேலை பார்த்த டாக்டர் பென்னட் ஒமாலு அவருடைய மூளையை ஆராய்ந்து, 2005-ல் முடிவை வெளியிட்டார். கவசம் மண்டையோட்டைத்தான் காக்கும். தேங்காயைக் குலுக்கினால் ஓடு உடையாமலே உள்ளே தண்ணீர் அலைமோதுவதுபோல, கவசத்துக்குள் மூளை அலைமோதிக் கொண்டுதான் இருக்கிறது. லீக்கைச் சார்ந்த டாக்டர்கள் அந்தக் கட்டுரையையே வாபஸ் வாங்கச் சொன்னார்கள். உண்மை வாபஸ் ஆகவில்லை. 4,500-க்கு மேற்பட்ட பழைய ஆட்டக்காரர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2013-ல் லீக் 76 கோடியே 50 லட்சம் டாலருக்கு ராஜிக்கு வந்தது. பிறகு அந்த உச்ச வரம்பும் எடுக்கப்பட்டது. 2017-ல் பாஸ்டன் ஆராய்ச்சியாளர்கள், லீக்கில் ஆடியவர்களின் 111 மூளைகளைப் பார்த்ததில் 110-ல் சிதைவு இருந்தது என்றார்கள். சந்தேகப்பட்ட குடும்பங்கள் கொடுத்த மூளைகள் அவை. ஆகையால் எல்லாருக்கும் இதே விகிதம் என்று சொல்ல முடியாது. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை, 110 போதும்.

*

2024-ம் ஆண்டு மார்ச்சு மாதம் இன்னொரு விதி வந்தது. ஓடுகிறவனைப் பின்னாலோ பக்கவாட்டிலோ கட்டிப் பிடித்து, இடுப்பைத் திருப்பி, தன் முழுப் பாரத்தையும் அவன் கால்மேல் போட்டு விழுவது ஒரு வகைச் சாய்ப்பு. கணுக்காலும் முழங்காலும் அடியில் சிக்கி முறியும். லீக் இரண்டு பருவத்தின் 20,000-க்கு மேற்பட்ட சாய்ப்புகளைப் படத்தில் ஓடவிட்டுப் பார்த்து, மற்றச் சாய்ப்புகளைவிட இதில் காயம் இருபது மடங்குக்குக் குறையாது என்று கணக்குச் சொன்னது. கோஷ்டிகளின் சொந்தக்காரர்கள் ஏகமனதாகத் தடுத்தார்கள். மீறினால் பதினைந்து கெஜம் தண்டனை. ஆட்டக்காரர் சங்கம் எதிர்த்தது. கண்மூடித் திறப்பதற்குள் நடந்து முடியும் காரியத்தில் இது எந்த வகை என்று மத்தியஸ்தர் எப்படிக் கண்டுபிடிப்பார் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அந்தப் பருவத்தில் களத்தில் கொடி விழுந்தது அபூர்வம். படத்தைப் பார்த்துப் பின்னால் அபராதக் கடிதம் அனுப்புவதே வழக்கமாயிற்று.

குறைகள் இருக்கட்டும். இந்த விதியில் எனக்கு ஓர் ஆறுதல் இருக்கிறது. ஒரு ஸ்டிங்லியின் படுக்கைக்காகக் காத்திராமல், முறிந்த கால்களை எண்ணிப் பார்த்து எழுதிய விதி இது. விழுந்தவனுக்குப் பின்னால் நொண்டிக்கொண்டு வந்த விதி, இந்தத் தடவை கொஞ்சம் வேகமாக நடந்திருக்கிறது.

ஆட்டக்காரனின் கோபத்தை லீக் அலட்சியம் செய்யலாகாது என்பதையும் சொல்லவேண்டும். மோதலை விற்றுப் பணம் பண்ணுகிறவர்கள் மோதினவனிடம் மட்டும் அபராதம் வசூலிக்கும்வரை விதிக்கு மரியாதை வராது, பயம்தான் வரும். விதி மாறும்போது, புது மாதிரியில் சாய்ப்பதைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பும் விதி செய்தவர்களைச் சேர்ந்ததே.

ஆட்டம் செத்துப்போகும் என்பவர்களுக்கு 1906-ஐத்தான் காட்டவேண்டியிருக்கிறது. அன்றும் அப்படித்தான் சொன்னார்கள். அன்று பறக்கவிட்ட பந்து இன்னும் தரையில் விழவில்லை. விழுந்தவர்கள் மனிதர்கள்தாம். விதிப் புத்தகத்தைப் புரட்டினால் எண்கள் இருக்கும், உட்பிரிவுகள் இருக்கும். அவர்கள் பெயர் மட்டும் இருக்காது. ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில், அது யார் விழுந்த பிறகு எழுதப்பட்டது என்று ஒரு வரி சேர்த்து அச்சிட்டால் என்ன? அடுத்த திருத்தத்துக்கு வாதாட வருகிறவர்களின் குரல் சற்றுத் தாழும் என்று நினைக்கிறேன்.